தட்டில் ஓர் உடங்காடு

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை நோக்கிச் செல்லும் சாலையில், காலை வேளையில், பஸ்ஸின் ஜன்னலோரம் அமர்ந்து பிரயாணம் செய்கிறவர், பட்டாசு ஆலைகளின் முள்வேலிக்கு அப்பால் ஒன்றுக்கொன்று எட்டி எட்டி நிற்கும் சிறு அறைகளையும், ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குப் பரவாதிருக்க வேண்டிச் சட்டம் விதித்திருக்கும் வெற்று இடைவெளிகளையும், அந்த இடைவெளிகளில் யாரும் நடாமலும் நீரூற்றாமலும் தாமாகவே வளர்ந்து, உச்சியைத் தட்டையாக விரித்து, குடை பிடித்தாற்போல நிற்கும் மரங்களையும் காணாமல் இருக்க முடியாது. கண்டாலும் கவனிப்பதில்லை என்பது வேறு விஷயம். உடைமரம் என்பது எங்கள் பக்கத்து வழக்கு. குடைவேல் என்பது புத்தகப் பெயர். அது திரளாக வளர்ந்த நிலத்தை உடங்காடு என்பார்கள். வேலிக்கு முள்ளும், அடுப்புக்கு விறகும், ஆட்டுக்குக் காயும் அதனிடம் வாங்கிக்கொண்ட ஜனங்கள், அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை. கோயில் பிராகாரத்தில் தலவிருட்சமாக நிற்கும் வன்னிக்குக் கிடைத்த மஞ்சள் துணியும் குங்குமமும்கூட இதற்குக் கிடைத்ததில்லை.

இந்த விருட்சத்தை ஒரு சாண் அகலத் தட்டில் வைத்து வளர்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை தோன்றியது ஒரு விபத்தினால்தான். அதைச் சொல்வதற்கு முன் மரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

சென்னை மாகாணத்துக்கு வைத்தியராக வந்து தாவர சாஸ்திரத்திலேயே மனத்தைப் பறிகொடுத்த ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துக்காரரும், அவருடைய நண்பர் ஆர்நாட்டும் சேர்ந்து 1834-இல் இம்மரத்துக்கு ‘அக்கேசியா பிளானிஃப்ரான்ஸ்’ என்று பெயர் சூட்டினார்கள். பிளானிஃப்ரான்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்குத் தட்டையான தழை உடையது என்று பொருள். உடைமரத்தை ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்தவருக்கு வேறு பெயர் தோன்றாது. அக்கேசியா என்ற முதற்பெயர் மட்டும் நிலைக்கவில்லை. 2005-இல் வியன்னாவில் கூடிய தாவரவியலாளர் மகாநாடு அந்தப் பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தது. 2011-இல் மெல்போர்னில் கூடிய மகாநாடு அதை உறுதி செய்தது. அதன் பயனாக எங்கள் உடைமரம் இப்போது ‘வச்செல்லியா பிளானிஃப்ரான்ஸ்’ ஆயிற்று. பெயர் மாறிய செய்தி உடங்காட்டில் ஒருவருக்கும் தெரியாது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள வறள் நிலங்களே இதற்குத் தாயகம்.

விபத்து என்றேனே, அது இதுதான். சீமைக் கருவேலை வேரோடு அகற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டதை ஒட்டித் தென் மாவட்டங்களில் எல்லாம் ஜேசிபி இயந்திரங்கள் இறங்கி வேலை செய்த காலத்தில், எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையிலும் ஒன்று வந்து இறங்கியது. அந்நிய தேசத்திலிருந்து வந்து நம் நிலத்தை அபகரித்துக்கொண்ட சீமைக் கருவேலுக்கும், இந்த மண்ணிலேயே பிறந்த உடைமரத்துக்கும் உள்ள வித்தியாசம் இயந்திரத்துக்குத் தெரியாது, ஓட்டுகிறவருக்கும் தெரியவில்லை. இரண்டிலும் முள் இருக்கிறது, அவ்வளவுதான் அவர் அறிந்தது. பூவைப் பார்த்திருந்தால் போதும்: சீமைக் கருவேலுக்கு இளமஞ்சள் நிறத்தில் விரல்போல் நீண்ட கதிர், நாட்டுக் கருவேலுக்கு மஞ்சள் உருண்டை, உடைக்கு வெள்ளை உருண்டை. அன்று மாலை நான் போய்ப் பார்த்தபோது கரை மொட்டையாகக் கிடந்தது. பக்கத்துப் பட்டா நிலத்தின் வரப்பில் இயந்திரம் பெயர்த்துப் போட்டிருந்த, முழங்கை கனமுள்ள ஓர் உடைமரத்தின் அடிக்கட்டையை, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு எடுத்து வந்தேன். சில வாரங்கள் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்து உபசாரம் செய்தேன். கட்டையில் இரண்டு பச்சைத் துளிர் வந்தது. வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன். பத்தாம் நாள் துளிர் கருகியது. மரத்தினுள் முன்பே சேமித்து வைத்திருந்த மாவுச்சத்தைக்கொண்டு வந்த துளிர் அது. கீழே ஒரு வேர்கூடப் புதிதாக விடவில்லை என்பது சாக்கைப் பிரித்துப் பார்த்தபிறகுதான் விளங்கியது. உடையின் ஜீவன் ஆழத்தில் இறங்கும் ஆணிவேரில் இருக்கிறது. இயந்திரம் அதைத்தான் முறித்திருந்தது.

குறுமரக் கலையைப் பற்றி அதற்குமுன் நான் அறிந்தது சொற்பம். ‘போன்சாய்’ என்ற ஜப்பானியச் சொல்லில் ‘போன்’ என்பது தட்டையும், ‘சாய்’ என்பது நடுதலையும் குறிக்கும். கலை பிறந்தது சீன தேசத்தில். 706-இல் கட்டப்பட்ட ஓர் இளவரசரின் கல்லறைச் சுவரில், தட்டில் வைத்த சிறு செடிகளையும் பாறைகளையும் ஏந்தி வரும் பணியாட்களின் சித்திரம் இன்றும் இருக்கிறது. அதை ஜப்பானியர் கற்றுத் தம்முடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். 1923-ஆம் வருஷத்துப் பெரும் பூகம்பத்தில் டோக்கியோ நகரம் நாசமானபின், அங்கே குறுமரம் வளர்த்து வந்தவர்கள் நல்ல தண்ணீரும் காற்றும் தேடி வடக்கே குடிபெயர்ந்து, 1925-இல் ஓமியா என்ற இடத்தில் தங்களுக்கென்று ஒரு கிராமத்தையே அமைத்துக்கொண்டார்கள். அந்த 1920-களின் தொடக்கத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அதுவரை நம் நாட்டு அடுப்புகள் பலவற்றை மூட்டியது ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த தீக்குச்சிதான். ஜப்பானியத் தொழிலைச் சிவகாசி தன் வெயிலுக்கும் தன் கைகளுக்கும் ஏற்ப மாற்றி அமைத்துக்கொண்டதுபோல ஜப்பானியக் கலையையும் ஏன் மாற்றிக்கொள்ளக் கூடாது என்று எனக்குப் பட்டது.

குறுமரம் என்றால் செடிக்கு ஆகாரம் கொடாமல் வருத்திக் குள்ளமாக்குவது என்ற அபிப்பிராயம் நம்மிடையே பரவலாக உண்டு. என் சிற்றப்பா ஒருவர் தட்டைப் பார்த்தவுடன், “பாவம்டா, அதைச் சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிருக்கியே” என்றார். உண்மையில் பட்டினி போட்ட மரம் குள்ளமாவதில்லை, செத்துப் போகிறது. குறுமரத்தின் விதையும் காட்டு மரத்தின் விதையும் ஒன்றே. தட்டில் இருப்பதை எடுத்துக் கரிசலில் நட்டால் சில வருஷங்களில் அது தன் சகோதரர்களின் உயரத்தை எட்டிவிடும். வேரைக் கத்தரிக்கும்போது, வேர்நுனியில் உற்பத்தியாகி மேலே போகும் சைட்டோகைனின் என்ற வளர்ச்சிப் பொருள் தற்காலிகமாகக் குறைகிறது, உறிஞ்சும் நீரும் குறைகிறது. அதனால் மேலே கிளையின் ஓட்டம் தணிகிறது. மேலே கிளையைக் கத்தரித்தால் கீழே வேரின் வளர்ச்சி தணிகிறது. மேலும் கீழும் ஒன்றையொன்று அளந்துகொண்டே இருக்கும் இந்தக் கணக்கை இடையில் புகுந்து நிதானமாகத் திருத்துவதே தோட்டக்காரனின் வேலை.

கட்டை செத்தபின் விதையிலிருந்தே தொடங்குவதென்று நிச்சயித்தேன். உடங்காய் வளைந்து சுருண்ட காய். மரத்தில் ஏறிப் பறிக்க முள் இடங்கொடாது. கீழே உதிர்ந்ததை ஆடு விடாது. இருக்கன்குடிப் பக்கம் ஆடு கிடை போட்டிருந்த ஒரு கீதாரியிடம் என் சங்கடத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “ஐயா, வெதை வேணும்னா மரத்துல தேடாதீங்க. விடியக்காலம் கிடைக்கு வாங்க. ராத்திரி பூரா அசை போட்டுத் துப்பி வெச்சிருக்கும்” என்றார். அவர் சொன்னபடி விடியுமுன் போனேன். ஆடுகள் எழுந்துபோன இடத்தில், சூடு ஆறாத மண்ணின்மேல், பழுப்பு நிற விதைகள் சிந்திக் கிடந்தன. ஆடு காயின் சதையை வைத்துக்கொண்டு கெட்டியான விதையை அசைபோடும்போது உமிழ்ந்துவிடுகிறது. விழுங்கியவற்றிலும் சில புழுக்கையோடு முழுசாக வெளியே வந்துவிடுகின்றன. கரிசல் விவசாயி எருவுக்காகத் தன் நிலத்தில் கிடை போடச் சொல்லிக் கூலியும் கொடுக்கிறார். உடை தன் சந்ததியை ஆட்டின் வாய்வழியே ஊரூராக அனுப்ப ஒரு செலவும் செய்வதில்லை.

பொறுக்கிய விதையை அப்படியே ஊன்றினால் மாதக்கணக்கில் மண்ணுக்குள் கல்லாகக் கிடக்கும். அதன் தோலில் நீளவாக்கில் நெருக்கமாக அடுக்கிய உயிரணுக்கள், தண்ணீர் ஒரு துளியும் உள்ளே புகாதபடி காவல் செய்கின்றன. அவரைக் குடும்பத்து விதைகள் பலவற்றில் இந்தக் கோட்டைக்கு ஒரே ஒரு பலவீனமான வாசல் உண்டு. விதைத் தழும்பின் அருகே உள்ள மிகச் சிறிய புடைப்பு அது. கொதிக்க வைத்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, ஓரிரு நிமிஷம் பொறுத்து, விதைகளை அதில் போட்டு இரவு முழுவதும் விட்டுவிட்டால், அந்த இடம் வெடித்துத் திறக்கிறது. காலையில் பார்த்தால் சில விதைகள் இரண்டு மடங்காகப் பருத்திருக்கும். சில அப்படியே இருக்கும். பருத்தவற்றை மட்டும் ஊன்ற வேண்டும். நான் நாற்பது போட்டதில் பதினேழு பருத்தன, பதினொன்று முளைத்தன.

முளைத்த கன்றுகளில் வித்திலை இரண்டும் விரிந்த நிலையிலேயே ஒரு காரியம் செய்தாக வேண்டும். தாமதித்தால் பிறகு செய்ய முடியாது. மேலே நான்கு விரற்கடை உயரம்கூட வளராத உடைக்கன்று கீழே ஒரு முழத்துக்குமேல் ஆணிவேரை இறக்கிவிடும். பூமியின் மேற்பரப்பு பங்குனி வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும் நாட்டில் பிறந்த மரத்துக்கு வேறு வழி இல்லை. அந்த ஆணிவேரின் நுனியை, கன்று சிறு குழந்தையாக இருக்கும்போதே, கூரிய பிளேடால் நறுக்கிவிட்டால், நுனி இழந்த வேர் பக்கங்களில் நாலைந்து கிளைவேர்களை விடுகிறது. நறுக்கிய கன்றை, அடியில் ஓர் உடைந்த நாட்டு ஓட்டைப் படுக்கையாக வைத்து, அதன்மேல் நட்டேன். வேர் கீழே இறங்கப் பார்த்து, ஓட்டில் முட்டி, வேறு வழியின்றிப் பக்கவாட்டில் ஓடும். பல வருஷங்களுக்குப் பின் இன்று என் மரத்தின் அடியில் நட்சத்திரம்போல் விரிந்து மண்ணைப் பற்றியிருக்கும் வேர்களைப் பார்க்கிறவர்கள் பெரிய வித்தை என்று நினைக்கிறார்கள். செலவு ஒரு பிளேடும் ஓர் ஓட்டுத் துண்டும்.

மண்ணைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். பொறுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் நம்மவர்கள் தவறுவதெல்லாம் இங்கேதான். உடை கரிசலிலும் வளர்கிறது ஆகையால் தட்டிலும் கரிசலை இட்டால் அதற்குப் பிறந்த வீடுபோல் இருக்கும் என்று முதலில் நானும் எண்ணினேன். கரிசலில் உள்ள நுண்களிமண் நீரை வாங்கி வீங்கும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். பூமியில் இந்த வீக்கமும் வெடிப்பும் பல அடி ஆழத்துக்குப் பரவி நிற்பதால் மரம் சமாளித்துக்கொள்கிறது. இரண்டு அங்குல ஆழமுள்ள தட்டில் அதுவே வீங்கும்போது வேருக்கு மூச்சு முட்டுகிறது, சுருங்கும்போது மெல்லிய வேர்கள் அறுந்து போகின்றன. இதோடு இன்னொரு சூட்சுமமும் உண்டு. பாத்திரம் துலக்கும் ஸ்பஞ்சு ஒன்றைத் தண்ணீரில் முழுக்க நனைத்துக் கையில் படுக்கையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சொட்டுவதெல்லாம் சொட்டி நின்றபின் அதை நீளவாட்டில் செங்குத்தாகத் திருப்புங்கள். மேலும் கொஞ்சம் தண்ணீர் அடியிலிருந்து வழியும். துவாரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் நீரின் அடிமட்டப் படலம் எப்போதும் ஏறக்குறைய ஒரே உயரந்தான்; ஸ்பஞ்சு உயரமாக இருந்தால் அது அடியில் ஒரு பகுதி, தாழ்வாக இருந்தால் அதுவே முக்கால் பங்கு. ஆழமான தொட்டியில் நன்றாக வடியும் மண், ஆழமற்ற தட்டில் சேறாக நிற்பதன் காரணம் இதுவே. துவாரத்தைப் பெரிதாக்குவதுதான் பரிகாரம். செங்கல் சூளையில் உடைந்து கிடக்கும் நன்கு வெந்த செங்கலை இடித்து, இடித்ததை இரண்டு சல்லடைகளில் சலித்து, உளுந்துக்கும் கொண்டைக்கடலைக்கும் இடைப்பட்ட பருமனில் உள்ளதை மட்டும் எடுத்து, அதனுடன் கொஞ்சம் செம்மண்ணும் மக்கிய ஆட்டெருவும் கலந்து நான் உபயோகிக்கிறேன். வெந்த செங்கல் தன் உடலுக்குள் நீரை வைத்துக்கொள்கிறது. துண்டுகளுக்கு இடையில் காற்றுக்கு வழி விடுகிறது.

இந்தக் கலவையில் முதல் வருஷம் கன்றுகள் வெளிறியே இருந்தன. எருவைக் கூட்டினேன், பலனில்லை. பிறகு, பெரிய உடைமரம் ஒன்றின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணைக் கொண்டுவந்து தூவினேன். இரண்டு மாதத்தில் பச்சை திரும்பியது. உடையும் அவரை, உளுந்து ஆகியவற்றின் உறவுதான். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்கு உணவாக்கித் தரும் ரைசோபியம் இனத்து நுண்ணுயிர்கள் அதன் வேரில் முடிச்சுக் கட்டிக்கொண்டு வசிக்கின்றன. சூளையில் வெந்த செங்கலில் அவை எங்கிருந்து வரும்? அடுத்த முறை மண் மாற்றியபோது, வேரில் கடுகளவில் ஒட்டியிருந்த முடிச்சுகளில் ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினின் உறவினர் ஒன்று அங்கே பிராணவாயுவைக் கட்டுப்படுத்தும் தொழில் செய்கிறது. அதன் நிறம் அது.

தண்டு பருக்க வேண்டுமானால் மரத்தைத் தட்டில் வைக்கவே கூடாது என்பது நான் தாமதமாகக் கற்ற பாடம். பட்டைக்கு அடியில் உள்ள வளர்படலம் புதிய மரத்தை அடுக்குவதற்குத் தழைகள் ஏராளமாகச் சமைத்து அனுப்ப வேண்டும். கத்தரித்துக் கத்தரித்து அழகு பார்க்கிற மரத்தில் தழை ஏது? ஆகவே பதினொன்றில் பிழைத்த ஆறு கன்றுகளையும் ஐந்து வருஷம் தரையில் விட்டு, எட்டடிக்கு ஓடவிட்டு, அடி மணிக்கட்டுப் பருமன் வந்தபின் ஒரு சாண் உயரத்தில் வெட்டினேன். வீட்டில் இதைப் பைத்தியம் என்றார்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே, பட்டையில் உறங்கிக் கிடந்த மொட்டுகள் கண் விழித்தன. நுனி மொட்டிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் ஆக்சின் என்ற பொருள் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது என்பதைத் திமானும் ஸ்கூக்கும் 1930-களில் பரிசோதனை செய்து நிலைநாட்டினார்கள். 2008-இல் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற இன்னொரு பொருளும் அந்த அடக்குமுறையில் பங்காளி என்று தெரியவந்தது. அரசன் தலை உருண்டதும் சிற்றரசர்கள் கிளம்புவதுபோல, ஒரு மரத்தில் ஒரே சமயத்தில் ஒன்பது துளிர். அவற்றில் எதை வைத்துக்கொள்வது?

ஜப்பானியப் புத்தகங்களைப் பார்த்தால் பைன் மரத்தைப்போல முக்கோணமாக, அடியில் அகலமும் நுனியில் கூர்மையுமாக அமைக்கச் சொல்லும். பனி படியும் மலைச்சரிவில் நிற்கும் மரத்துக்கு அந்த உருவம் பொருத்தம். சாத்தூர்ச் சீமையில் பைன் மரமாக வேஷம் போடும் உடையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. இந்தச் சங்கடம் தென்னாப்பிரிக்காவில் குறுமரம் வளர்த்தவர்களுக்கும் வந்தது. அவர்கள் நாட்டு முள்மரங்களும் குடைமரங்களே. அங்கே சார்லஸ் செரோனியோ என்பவர், பியர்னீஃப் என்ற ஓவியர் தம் நிலக்காட்சிச் சித்திரங்களில் தீட்டிய தட்டைத்தலை மரங்களை மாதிரியாகக் கொண்டு, பியர்னீஃப் பாணி என்று ஒரு வடிவத்தையே வகுத்துவிட்டார். தண்டு பாதிக்குமேல் வெறுமையாக நிற்கும். பிறகு கவைகள் விசிறியின் கம்பிகளைப்போல் மேல்நோக்கிப் பிரியும். தழை முழுவதும் உச்சியில் ஒரே மட்டத்தில் படிந்திருக்கும். எனக்கு ஓவியர் தேவைப்படவில்லை; பஸ் ஜன்னல் போதுமாயிருந்தது. ஒன்பது துளிரில் மேற்புறம் இருந்த நாலை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றைக் கிள்ளினேன்.

கிளைகளை வளைக்கக் கம்பி வேண்டும். சிவகாசியில் இருந்துகொண்டு கம்பிக்குப் பஞ்சமா என்று, தீபாவளி மறுநாள் தெருவில் பொறுக்கிய கம்பி மத்தாப்புக் கம்பிகளைச் சுற்றினேன். இரும்புக் கம்பி, மெல்லியது, கிளை அதைத் தன் பக்கம் வளைத்துக்கொண்டது, ஐப்பசி மழையில் துருவேறிப் பட்டையில் கோடு வேறு விழுந்தது. பழைய மின்சாரக் கம்பியை உரித்து, உள்ளிருந்த செம்பை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்தால், மெழுகுபோல் வளைகிறது. வளைத்தவுடனே இறுகியும் விடுகிறது. காய்ச்சும்போது குறைந்துபோகும் அதன் படிகப் பிசகுகள் வளைக்கும்போது பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதே காரணம். குறுமரக்காரனுக்கு இதைவிட நல்ல கம்பி இல்லை.

தண்ணீர் விஷயத்தில் எனக்கு நேர்ந்ததையும் மறைப்பது நியாயமாகாது. உடை வறட்சி தாங்கும் மரம் என்ற நம்பிக்கையில், ஒரு சித்திரை மாதத்தில் மூன்று நாள் மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தட்டைச் சுற்றி இலைகள் மஞ்சள் பொடியாகக் கொட்டிக் கிடந்தன. அந்த மரத்தின் வறட்சி தாங்கும் சக்தி எதில் இருந்தது? ஆழத்து ஈரத்தைத் தேடிச் செல்லும் ஆணிவேரில். அதைத்தானே நான் பிளேடால் நறுக்கினேன்! நல்ல வேளையாக, தண்ணீர் முடைப்படும்போது இலையை உதிர்த்துத் தன்னைக் காத்துக்கொள்ளும் இன்னொரு உபாயம் அதனிடம் மிச்சமிருந்தது; நிழலில் வைத்து நீர் தெளித்து வர, கணுக்களில் மறுபடியும் துளிர்த்தது. அதன்பின் கோடையில் காலை, மாலை இருவேளையும் நீர். தட்டின் அடியில் ஈரமணல் நிரம்பிய ஒரு தாம்பாளம்.

எங்கள் புதர்க்காட்டில் உடைக்குத் துணையாகக் குரங்கு வெற்றிலை என்று ஒரு குத்துச்செடி உண்டு. பளபளக்கும் சிறிய இலை, வெள்ளை நட்சத்திரப் பூ. ஆடு மேய்ப்பவர்களைத் தவிர அதைப் பெயர் சொல்லி அழைப்பவர் இங்கே குறைவு. அதே செடியை ஃபூகியன் டீ என்ற பெயரில் ஐரோப்பியக் கடைகளில் வீட்டுக்குள் வைக்கும் குறுமரமாக விற்கிறார்கள். பிலிப்பைன்ஸ் சர்க்கார் அதன் இலையை மருந்தாக அங்கீகரித்திருக்கிறது. கலை பயில விரும்புகிறவர் அதிலிருந்தே தொடங்கலாம். உடையைவிடச் சாது, முள்ளும் இல்லை.

ஆயினும் மாலையில் உடை காட்டும் வேடிக்கையை அது காட்டாது. பொழுது சாயும் வேளையில், ஆலைகளிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் வண்டிகள் தெருவில் ஒவ்வொன்றாக நிற்கும்போது, மாடியில் இருக்கும் இம்மரத்தின் பொடி இலைகள் ஜோடி ஜோடியாகக் கைகூப்பிக்கொள்ளும். இலைக்காம்பின் அடியில் உள்ள மூட்டில், ஒருபுறத்து உயிரணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. அதன் பின்னாலேயே நீரும் போகிறது. அந்தப் புறம் துவள, இலை மடங்குகிறது. வெடியுப்பு என்று இந்த ஊர்ச் சிறுவனும் சொல்லும் பொருளில் உள்ள அதே பொட்டாசியந்தான். ஆலையில் அது கந்தகத்தோடும் கரியோடும் சேர்ந்து ஒரு நொடியில் செய்யும் காரியத்துக்கும், இங்கே அரைமணி நேரம் எடுத்துக்கொண்டு ஓசையின்றிச் செய்யும் காரியத்துக்கும் உள்ள தூரத்தை நினைத்துக்கொண்டு நான் பல மாலைகள் உட்கார்ந்திருக்கிறேன்.

உச்சியைத் தட்டையாக்குவது மட்டும் எனக்குப் பல வருஷம் கைகூடவில்லை. கத்தரிக்கோலால் எவ்வளவு கவனமாக வெட்டினாலும், வெட்டின மட்டம் முடிவெட்டின தலையைப்போலச் செயற்கையாகவே தெரிந்தது. போன தை மாதம், மண் மாற்றுவதற்காகத் தட்டை மாடியிலிருந்து இறக்கி வாசல் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் எதிர்வீட்டு வெள்ளாடு ஒன்று முன்னங்கால்களைத் திண்ணையில் ஊன்றி, முள்ளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, உதட்டால் உச்சித் துளிர்களை எல்லாம் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது. விரட்டிவிட்டுப் பார்த்தேன். சில நுனிகள் கடிபட்டிருந்தன, சில இழுபட்டுக் கிழிந்திருந்தன, முள் அடர்ந்த இரண்டு மட்டும் தப்பி நீட்டிக்கொண்டிருந்தன. கிழிந்த இடங்களில் கொஞ்சம் மஞ்சளைக் குழைத்துத் தடவிவிட்டு, தட்டைத் திரும்ப மாடிக்குக் கொண்டுபோனேன். மாசி கடைசியில் அந்தக் கடிவாய்களிலிருந்து துளிர்கள் ஒரே மட்டத்தில், ஆனால் ஒன்றுபோல் ஒன்று இல்லாமல், பக்கவாட்டில் கிளம்பின. தப்பிய இரண்டையும் நான் வெட்டவில்லை.